நாற்பத்தொன்றாம் கல்லின் நிறம்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் என் வீட்டம்மா பாப்பாவும்தான். உன் முட்டி எப்படி இருக்கிறது? மாமாவின் குறட்டை குறைந்ததா, இல்லை உன் காது பழகிவிட்டதா?

நம் பெட்டிக்கு நாற்பத்தொன்றாவது கல் பதிவுத் தபாலில் வருகிறது. உச்சுக்கொட்டியிடம் வாங்கினேன். கல்கடைக்காரருக்கு இந்தப் பெயர் வைத்தது நீதான், நான் இல்லை. எந்தக் கல்லை எடுத்தாலும், ஐயோ இதை விட்டுவிட்டோமே என்று நாளைக்கு வருந்துவீர்கள் என்று ஒரு ‘ச்சு’ கொட்டாமல் அவரால் விலை சொல்ல முடிவதில்லை. மூன்று பட்டையும் மழுங்கிய ஒரு குச்சி, சுண்டு விரலில் பாதி நீளம். நகத்தால் நெடுக வருடினால் வழுக்கும். குறுக்கே வருடினால் சீப்பின் பல் போல நெருடும். நாம் சேர்க்கிற டூர்மலின்தான், சந்தேகமே வேண்டாம்.

விதி உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் போன தடவை நீ என் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய் என்று எனக்கு ஓர் ஐயம். காலை பத்து மணி, நேர் வெயில் விழாத ஜன்னல், வெள்ளைத் தாள். கல்லை அதன்மேல் வைத்துக் குறுக்கே ஒரு முறை, நெடுக ஒரு முறை பார். என்ன நிறம் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அதன் பிறகுதான் நான் ஒட்டி அனுப்பியிருக்கும் உறையைப் பிரிக்க வேண்டும். இருவர் எழுதியதையும் சேர்த்துச் சீட்டு எழுதி நீ வைத்துக்கொள், கல்லை எனக்குத் திருப்பி அனுப்பு, பெட்டி இங்கேதானே இருக்கிறது. போனில் சொல்லிவிட்டால் ஆயிற்றே என்கிறாள் பாப்பா. போனில் என்றால் என் குரல் இழுக்கும் இழுப்பிலேயே நீ பதிலை மாற்றிக்கொள்வாய். உலகத்தில் உள்ள எல்லா நிறத்திலும் இந்த ஒரே கல் கிடைக்கிறது, அதை ஏனோதானோ என்று பார்க்க முடியுமா? பதினாறு வருஷமாக அவளுக்குப் புரியவில்லை. அவளுக்கு இவை கூழாங்கற்கள்.

பட்டறையில் இந்த வாரம் ஏழு கார், ஏழும் வெள்ளை. வெள்ளை என்றால் ஒன்றுதான் என்று நீ நினைப்பாய். பதினோரு வெள்ளை இருக்கிறது. புதுக் கதவு போட்ட காருக்கு மற்றக் கதவுகளோடு ஒட்டுகிற மாதிரி பெயிண்ட் கலக்க என்னை விட்டால் ஆளில்லை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்கிறார். சம்பளம் கூட்டிக் கேட்கும்போது மட்டும் அது அவர் நினைவுக்கு வருவதில்லை.

தலையில் முடியைவிடப் பெயிண்ட் அதிகமுள்ள உன் தம்பி,
சுண்டு


ஜனவரி 17

அன்புள்ள சுண்டுவுக்கு,

என் முட்டி மழையை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுகிறது. குறட்டையில் மாற்றமில்லை. நீயும் பாப்பாவும் நலமாக இருங்கள்.

கல் வந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தைத் திறந்து, மாணவர்கள் வருமுன் வடக்கு ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். நான் எழுதியது: ‘நீலம். தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால், கலக்குவதற்கு முன் இருக்கிற நீலம். நெடுகப் பார்த்தால் ஏறக்குறையக் கறுப்பு.’

உன் உறையைப் பிரித்தேன். ‘பச்சை. பழுப்பு ஓடுகிறது. ஆறிப்போன தேயிலைத் தண்ணீர்’ என்று இருந்தது.

கல் மாறிவிட்டதோ என்று பொட்டலத்தைப் பார்த்தேன். எண் சரிதான். வேதியியல் ஆசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீலத்தைக் காட்டி நீலமா என்று கேட்க ஒரு ஆய்வக உதவியாளரா என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். வேறு ஆளிடம் காட்டியது விதிமீறல், குறித்துக்கொள்.

நாற்பது கல்லில் நாம் மூன்றில்தான் வேறுபட்டோம். அதுவும் ரோஜாவா, வெளிறிய ரோஜாவா என்கிற சண்டை. நீலத்தில் பச்சை எங்கே தொடங்குகிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவனே நீதான். 41க்குச் சீட்டு எழுதாமல் வைத்திருக்கிறேன். ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பதில் எழுது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே. உன் முட்டியை வானிலை நிலையத்துக்கு வாடகைக்கு விடலாம்.

ஜன்னலைத் துடைத்தேன். குற்றவாளி ஜன்னல் அல்ல, எதிர்வீட்டுக்காரர். கார் நிறுத்த ஒரு பச்சைப் படுதா கட்டியிருக்கிறார், அதன் நிழல் என் மேசைவரை வந்து விழுகிறது. என் வழுக்கைகூடப் பச்சையாகத் தெரிவதாகப் பாப்பா சொல்கிறாள். ஆகவே 41ஐப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். 42ஐ மொட்டைமாடியில் வைத்துப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பட்டறையில் ஒரு கூத்து. ஒரு வக்கீலின் வெள்ளைக் கார், ஒரு கதவு மட்டும் நீலம் பாய்ந்திருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. வக்கீலுக்குக் கதவின் மேலும் ஒரு வழக்கு வேண்டியிருக்கிறது, என்ன செய்வது. அடியில் பூசிய பிரைமர் கோளாறு என்று சொல்லி மறுபடி அடித்துக் கொடுத்தோம். முதலாளி கதவை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

மாமாவுக்கு வணக்கம். குறட்டைக்கும்.

சுண்டு


பிப்ரவரி 5

அன்புள்ள சுண்டுவுக்கு,

நாங்கள் நலம். 42க்கு நான் எழுதியது ரோஜா. நீ எழுதியது செங்கல். இரண்டும் சிவப்பின் சொந்தக்காரர்கள்தான், போகட்டும்.

என் பக்கத்திலிருந்து ஒரு கல் அனுப்புகிறேன். எண் 43. மொட்டைமாடியிலேயே பார். நன்றாக நேரம் எடுத்துக்கொள்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு என்ன, கல் மாதிரி இருக்கிறேன். நெடுகப் பார்த்தாலும் குறுக்கே பார்த்தாலும் ஒரே நிறம்.

43ஐப் பார்த்தேன். மனதைத் திடப்படுத்திக்கொள், உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். எங்கே வாங்கினாய்? பாசி பிடித்த தொட்டித் தண்ணீரை இறுக்கிச் செய்தது போலச் சப்பென்று ஒரு பச்சை. நம் பெட்டியில் வைத்தால் மற்றக் கற்கள் முகம் திருப்பிக்கொள்ளும். வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிடு. வாங்க மறுத்தால் சொல், உச்சுக்கொட்டியைக் கூட்டிக்கொண்டு நேரில் வருகிறேன். அவர் நின்று நாலு ‘ச்சு’ போட்டு, நான் நாலு அடி போட்டால் யாரானாலும் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

வேறு செய்தி இல்லை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இப்போது பட்டறைக்கு நடந்துதான் போய்வருகிறேன். சாயங்காலமானால் எதிரே வருகிற வண்டிக்காரர்களெல்லாம் விளக்கை முள் முள்ளாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், மனிதன் ஓட்டுவதா வேண்டாமா? நடப்பது தொப்பைக்கும் நல்லது. பாப்பாவுக்கு இப்போது என்மேல் திடீர்ப் பாசம். மத்தியானம் சாப்பாட்டைத் தானே கொண்டுவந்து கொடுக்கிறாள். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் இப்படி ஒரு திருப்பம்.

சுண்டு


பிப்ரவரி 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமா? வீட்டுக்கு எழுதினால் அவன் பிரித்துவிடுவான் என்று உன் தையல்கடை முகவரிக்கு எழுதுகிறேன். கடைசியாகப் பிறந்த பாவத்துக்கு நாற்பத்தெட்டு வயதிலும் உன்னைப் பாப்பா என்றே கூப்பிடுகிறோம். ஆனால் இதைப் பெரிய மனுஷியாக நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

நான் 43 என்று அனுப்பியது புதுக் கல்லே அல்ல. அவன் ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கிய ஏழாவது கல். அதற்கு அவன் எழுதிய சீட்டு இப்போதும் என் கையில் இருக்கிறது: ‘நீலம். சும்மா நீலம். இதற்குமேல் எழுதினால் கெட்டுவிடும்.’ அந்தக் கல்லைத்தான் இப்போது பாசித் தண்ணீர் என்கிறான். என்னை ஏமாற்றியவர்களை அடிக்க வருகிறேன் என்கிறான்.

அவன் கண்ணுக்கு என்ன? உனக்குத் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். அரைமணி நேரம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

போன நவம்பரிலேயே கண் டாக்டரிடம் போனார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், தள்ளிப்போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை உங்கள் கற்பெட்டியில் பஞ்சுக்கு அடியில் வைத்திருந்தார். கூழாங்கல்லை நான் தொட மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

கத்திக்குப் பயமில்லையாம் அண்ணி. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “உள்ள வேற லென்ஸ் வெச்சுட்டாங்கன்னா நான் பார்க்கிற வெள்ளை வேற ஆயிடும். முப்பது வருஷமா கத்துக்கிட்டது அத்தனையும் இந்தக் கண்ணுலதான் இருக்கு. முதலாளிக்குத் தெரிஞ்சா மறுநாளே வேற ஆளைப் போட்டுடுவாரு. அப்புறம் நான் யாரு?”

வக்கீல் காருக்குப் பிறகு பட்டறைக்கு நான்தான் போகிறேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்கிற சாக்கில் அவர் கலந்து வைத்திருக்கிற பெயிண்டைக் கார்க் கதவோடு ஒட்டிப் பார்ப்பேன். நீலம் அதிகமாக இருந்தால் இருமுவேன். மஞ்சள் அதிகம் என்றால் தொண்டையைக் கனைப்பேன். ஒன்றரை மாதத்தில் ஆறு வெள்ளை எனக்கே தெரிந்துவிட்டது. பட்டறையில் எல்லோரும் எனக்குக் காசநோய் என்று நினைக்கிறார்கள்.

நான் சொன்னால் கோபம் வருகிறது. நீங்கள் சொன்னால் கேட்பார். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

பாப்பா


மார்ச் 14

அன்புள்ள சுண்டுவுக்கு,

43 என்று நான் அனுப்பியது உன்னுடைய 7. பெட்டியை எடுத்து ஏழாவது குழியைப் பார், காலியாக இருக்கும். போன தடவை வந்தபோது நான்தான் பார்ப்பதற்கு எடுத்து வந்தேன், உனக்கு நினைவில்லை.

உன் கண்ணில் புரை இருக்கிறது. உனக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும். பாப்பா ஒன்றும் சொல்லவில்லை.

நீ கற்றதெல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். இருபத்தாறு வருஷமாக ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறேன். குடுவை மங்கிவிட்டால் கழுவுவோம், கழுவ முடியாவிட்டால் மாற்றுவோம். அதனால் எந்த ஆசிரியைக்கும் பாடம் மறந்துபோனதில்லை.

ஆபரேஷன் முடியும்வரை நான் கல் அனுப்ப மாட்டேன், உன் கல்லையும் பிரிக்க மாட்டேன். 41க்குச் சீட்டு எழுதாமலே இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள சுண்டுவுக்கு,

ஐந்து வாரமாயிற்று. இங்கே நலம். எங்கள் தபால்காரர் இப்போது என்னைக் கண்டாலே இல்லை என்று தலையாட்டிவிட்டுத்தான் சைக்கிளை விட்டு இறங்குகிறார்.

போன கடிதத்தைக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். குடுவையும் கண்ணும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். உன்னை அதட்டிவிட்டு, அன்றைக்கு ஆய்வகத்தில் கைதவறி மூன்று குடுவைகளை உடைத்தேன். இருபத்தாறு வருஷத்தில் அதுவரை உடைத்தது இரண்டு.

கோபமாக இருந்தால் கோபம் என்றாவது எழுது. 7ஐ நீயே வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துவிடு. நலம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கோபம் இல்லை. வெட்கம். பாசித் தொட்டி என்று என் கல்லை நானே திட்டி, அதை விற்றவனை அடிக்க ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். விற்றவர் உச்சுக்கொட்டி. கூட்டிவருவதாகச் சொன்ன ஆளும் உச்சுக்கொட்டி. அவர் அவரையே அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று நீ எழுதியதைப் படித்தவுடனே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். உனக்குப் பொய் வராது, முயற்சி செய்யாதே.

உன் இரண்டாவது கடிதம் வந்த மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. கண்ணைப் பற்றிச் சொன்னேன், வக்கீல் கார் பிரைமர் கோளாறு இல்லை என்பதையும் சொன்னேன், இன்னும் சொல்வதற்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

“மூணு மாசமா உங்க வீட்டம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தோட வந்து இருமிட்டுப் போறாங்க. இருமினா நீங்க ஒரு சொட்டு மஞ்சள் விடுறீங்க. கண்ணு உங்களுக்குத்தான் சரியில்ல, எனக்கு நல்லாத்தான் தெரியுது.”

பிறகு, எனக்காக ஆபரேஷன் தேதியை அவரே போன் போட்டுக் கேட்டார். வேலை என்ன ஆகும் என்று நான் கேட்டேன். ஒரு மாத விடுப்பு, அந்த ஒரு மாதமும் பாப்பா பட்டறைக்கு வந்து கலர் பார்க்கட்டும், இருமாமல் வாயால் சொல்லட்டும் என்றார். மே பதினொன்று, முதலில் வலது கண். பயமாகத்தான் இருக்கிறது. நீல நிறம் என்று நான் இத்தனை நாள் சொன்னது நீலமே இல்லை என்று ஆகிவிட்டால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

தம்பி,
சுண்டு


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை நேராகவே எழுதுகிறேன், நலம். ஆபரேஷனுக்கு நீ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு நன்றி. நீ ஊருக்குப் போன பிறகு நடந்தவை இவை.

வீட்டுச் சுவர் வெள்ளை. நானே அடித்த சுவர். சந்தன நிறம் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாப்பாவின் பழுப்புப் புடவை ஊதா. அது பழுப்பு என்று சொல்லி நான் அவளைப் பாராட்டிய நாளெல்லாம் அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று இப்போது புரிகிறது. நீ விட்டுச்சென்ற 41ஐ எடுத்தேன். வலது கண்ணால் பார்த்தால் உன் மைச் சொட்டு. இடது கண்ணால் பார்த்தால் என் தேயிலை. சீட்டில் உன்னுடையதை எழுதிவிடு. 7ஐ நான் உடனே எடுக்கவில்லை, இரண்டு நாள் மேசையில் வைத்துச் சுற்றிவந்தேன். மூன்றாம் நாள் எடுத்தேன். எழுதினால் கெட்டுவிடும்.

இடது கண்ணுக்கு ஜூலை பதினாலு. அதுவரை ஒவ்வொரு பொருளையும் ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிப் பார்க்கிறேன். தெருவில் யாரையாவது பார்த்துக் கண்ணடித்துவிடுவேன் என்று பாப்பா என்னைத் தனியாக அனுப்புவதில்லை.

பட்டறைக்குப் போன வாரமே திரும்பினேன். ஒரு வெள்ளையைக் கலந்து, புதுக் கண்ணால் பார்த்து, சரி என்றேன். பக்கத்து முக்காலியில் இருந்த பாப்பா, “ஒரு சொட்டுக் கறுப்பு வேணும்” என்றாள். விட்டுப் பார்த்தேன். வேண்டித்தான் இருந்தது. முதலாளி அவளைப் போகவிடவில்லை அக்கா. காலையில் நான் கலக்க அவள் பார்க்கிறாள், மத்தியானத்துக்குமேல் அவள் கலக்க நான் பார்க்கிறேன், தையல்கடையை அவள் தங்கை மாதிரி ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று பயந்தேன் அல்லவா, போட்டேவிட்டார். ஆள் என்னோடுதான் குடும்பம் நடத்துகிறது. முப்பது வருஷம் கற்றதை ஒருத்தி இருமிக்கொண்டே நாலரை மாதத்தில் கற்றுவிட்டாள் என்று கொஞ்சம் குமைச்சல்தான். ஆனால் நடந்து வீடு திரும்பும்போது சாம்பல்நிற மேகத்தைப் பற்றி இரண்டு பேரும் சண்டை போடுகிறோம். இதற்கு முன் நாங்கள் சண்டை போட்டதெல்லாம் பால் பொங்கியதற்கு.

கல்லை முதலில் பார்த்திருப்பாய் என்றுதான் இந்தக் கடிதத்தை நாலு நாள் தாமதித்துப் போடுகிறேன். பொட்டலத்தில் எண் 44. அதை வாங்கியது நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உச்சுக்கொட்டியின் கடைக்குப் பாப்பாவும் வந்தாள். நானும் அவரும் நல்ல கற்களைத் தராசுத் தட்டில் வைத்துப் பெரிய மனிதர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் மூலையில் இருந்த தள்ளுபடிப் பெட்டியைக் கிளறி ஒரு பச்சைக் குச்சியை எடுத்தாள். மங்கின பச்சை, மேலெல்லாம் சிராய்ப்பு. என் புதுக் கண்ணால் நன்றாகப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். உச்சுக்கொட்டி ‘ச்சு’கூடக் கொட்டவில்லை, அவ்வளவு மட்டம். அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், விதிப்படி, ஆளுக்கொரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டினோம். ஒட்டி முடித்த பிறகு அவள் குச்சியின் உடைந்த முனையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

“கடையிலயே பார்த்தேன். முனையைப் பாருங்க.”

வெளியே தோல் மாதிரிப் பச்சை. உள்ளே, நடுத்தண்டு முழுக்க, ரோஜா.

ஆக, இந்த முறை உனக்கு இரண்டு உறை வந்திருக்கும். அவளுடையதை முதலில் பிரி. என்னுடையதில் ‘பச்சை, தேறாது’ என்றுதான் இருக்கும். இந்தத் தடவை பச்சைப் படுதா இல்லை, பிரைமர் கோளாறு இல்லை, கண்ணையும் குறை சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டாய்.

தம்பி,
சுண்டு